இடத்துக்குரிய மின்னழுத்தமும் இணைக்குரிய ஆற்றலும்

நிலைமின்னியலைக் கற்கத் தொடங்கும் மாணவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை கணக்கிடும் திறன் குறைவால் நேர்வன அல்ல. மின்னழுத்தம், மின்னழுத்த ஆற்றல் என்னும் இரண்டும் ஒன்றே என்ற மயக்கத்தால் நேர்வன. மின்னழுத்தம் என்பது வெளியில் உள்ள ஒரு புள்ளிக்கு உரிய அளவு. அந்தப் புள்ளியில் மின்துகள் ஏதும் இல்லாவிட்டாலும் அதற்கு மதிப்பு உண்டு. மின்னழுத்த ஆற்றலோ, குறைந்தது இரண்டு மின்துகள்கள் ஒன்றுக்கொன்று ஒரு குறிப்பிட்ட தொலைவில் அமைந்திருப்பதால் அந்த அமைப்பு முழுவதும் கொண்டிருக்கும் ஆற்றல் ஆகும். அதனைத் தனி ஒரு துகளின் உடைமையாகக் கருதுவது வசதிக்காகச் சொல்லப்படும் சுருக்கமே தவிர வேறில்லை. இந்த ஒரு வேறுபாட்டை உறுதியாகப் பற்றிக்கொண்டால், இந்தப் பகுதியின் சூத்திரங்களில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எழாது.

மலைப்பாதையின் ஒரு திருப்பத்தில் நடப்பட்ட பலகை, அந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அங்கே நிற்பது பேருந்தானாலும் மிதிவண்டியானாலும், ஒன்றுமே நிற்காவிட்டாலும், பலகையில் உள்ள எண் மாறாது. ஆனால் அங்கு நிற்கும் வண்டிக்கும் புவிக்கும் இடையிலான ஈர்ப்பு நிலை ஆற்றல் வண்டியின் நிறைக்கு ஏற்ப மாறும். மின்னழுத்தம் அந்தப் பலகையில் உள்ள எண்ணைப் போன்றது. மின்னழுத்த ஆற்றல் அங்கே நிறுத்தப்படும் வண்டியைப் பொறுத்தது. இந்த ஒப்புமை ஓரிடத்தில் மட்டும் கைவிட்டுவிடும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்: நிறைக்கு எதிர்க்குறி கிடையாது, மின்னூட்டத்துக்கு உண்டு. அதன் விளைவுகள் சற்றுப் பின்னர் விளக்கப்படும்.

வேலையிலிருந்து வரையறைக்கு

இரு மின்துகள்களுக்கு இடையிலான விசை அவற்றின் மின்னூட்டங்களின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பதைச் சார்ல் கூலும் 1785-இல் முறுக்குத் தராசின் துணையால் நிறுவினார். இந்த விசை இரு துகள்களையும் இணைக்கும் கோட்டின் வழியே மட்டுமே செயல்படுவதாலும், அதன் அளவு தொலைவை மட்டுமே சார்ந்திருப்பதாலும், ஒரு துகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லச் செய்யப்படும் வேலை, சென்ற பாதையைச் சாராமல் தொடக்கப் புள்ளியையும் இறுதிப் புள்ளியையும் மட்டுமே சார்ந்ததாகிறது. இத்தகைய விசையை ஆற்றல் மாற்றா விசை என்பர். வேலை பாதையைச் சார்ந்திருந்தால், ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு மதிப்பைத் தர வழியே இருந்திருக்காது. ஆகவே மின்னழுத்தம் என்ற கருத்து முழுவதும் இந்தப் பண்பின் மீதே நிற்கிறது.

ஓரலகு நேர் மின்னூட்டத்தை, முடுக்கம் ஏதும் பெறாத வகையில், முடிவிலாத் தொலைவிலிருந்து ஒரு புள்ளிக்குக் கொண்டுவரப் புற விசை செய்ய வேண்டிய வேலையே அந்தப் புள்ளியின் மின்னழுத்தம் எனப்படும். ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு ஒரு ஜூல் வேலை தேவைப்பட்டால் அங்கு மின்னழுத்தம் 1 வோல்ட். 1800-இல் மின்கல அடுக்கை அறிவித்த அலெசாந்திரோ வோல்ட்டாவின் நினைவாக இந்த அலகு பெயர் பெற்றது. மின்னழுத்தத்தைக் கணித வடிவில் ஒழுங்காக முன்வைத்தவர், இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தந்தையின் மாவு ஆலையில் உழைத்துக்கொண்டே கணிதத்தைப் பெரும்பாலும் தாமாகப் பயின்ற ஜார்ஜ் கிரீன். 1828-இல் அவர் வெளியிட்ட கட்டுரையைப் பல ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. 1845-இல் வில்லியம் தாம்சனின் கைக்கு அது கிடைத்த பிறகே அறிவியல் உலகம் அதன் மதிப்பை உணர்ந்தது. இன்று பள்ளி மாணவர்கள் இயல்பாகக் கையாளும் ஒரு கருத்து இவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பது, அது அவ்வளவு எளிதாகத் தோன்றிவிடும் கருத்தன்று என்பதற்குச் சான்று.

ஒரு புள்ளி மின்துகளால் ஏற்படும் மின்னழுத்தத்தைப் பெற, அதன் மின்னூட்டத்தைக் கூலுமிலும் தொலைவை மீட்டரிலும் கொண்டு, முன்னதைப் பின்னதால் வகுத்து, 9 × 10⁹ என்ற மாறிலியால் பெருக்க வேண்டும். தொலைவு இங்கே ஒருபடியில்தான் வருகிறது; விசையிலும் மின்புலத்திலும்தான் இருமடியாக வரும். இன்னொரு துகளை அந்தப் புள்ளியில் வைக்கும்போது அந்த இணையின் மின்னழுத்த ஆற்றல், வைக்கப்படும் துகளின் மின்னூட்டத்தை அந்தப் புள்ளியின் மின்னழுத்தத்தால் பெருக்கினால் கிடைக்கும். வைக்கப்படும் துகள் தான் இருக்கும் இடத்தில் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தை இந்தப் பெருக்கலில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

குறியைக் கடைசி வரை விடாமல் கொண்டு செல்லுதல்

விசைக் கணக்குகளில், மின்னூட்டங்களின் குறிகளை நீக்கிவிட்டு அளவை மட்டும் கண்டு, திசையைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் மாணவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவருவது பெருந்தவறு. மின்னழுத்தமும் மின்னழுத்த ஆற்றலும் ஸ்கேலர் அளவுகள். அவற்றுக்குத் திசை இல்லை, குறி மட்டுமே உண்டு. ஒவ்வொரு மின்னூட்டத்தையும் அதன் குறியோடு சேர்த்தே சூத்திரத்தில் இட வேண்டும், கிடைக்கும் எண்களை இயற்கணித முறையில் கூட்ட வேண்டும். கூறுகளாகப் பிரிக்கும் வேலைக்கு இங்கே இடமில்லை.

நேர் மின்துகளைத் தானே நகர விட்டால் அது உயர் மின்னழுத்தத்திலிருந்து தாழ் மின்னழுத்தத்தை நோக்கிச் செல்லும். எலக்ட்ரானை விட்டால் தாழ்விலிருந்து உயர்வை நோக்கிச் செல்லும். இரண்டு நிகழ்வுகளிலும் குறைவது மின்னழுத்த ஆற்றலே. எலக்ட்ரான் மின்னழுத்தம் மிகுந்த இடத்துக்கு ஏறிச் செல்லும்போது அதன் எதிர்க்குறி மின்னூட்டம் பெருக்கப்படுவதால் ஆற்றல் இறங்குகிறது. ஓய்வு நிலையிலிருந்து புறப்பட்டு 100 வோல்ட் வேறுபாட்டைக் கடக்கும் எலக்ட்ரான் 100 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 1.6 × 10⁻¹⁷ ஜூல் இயக்க ஆற்றலைப் பெற்று, நொடிக்கு ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. எலக்ட்ரான் வோல்ட் என்பது வோல்ட்டைப் போல மின்னழுத்தத்தின் அலகு அன்று, ஜூலைப் போல ஆற்றலின் அலகு என்பதை விடைத்தாளில் அலகு எழுதும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

ஆற்றலின் மதிப்பு எதிர்க்குறியில் வந்தால் கணக்கில் தவறு நேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. துகள்களைப் பிரித்து முடிவிலாத் தொலைவுக்கு அனுப்பப் புறத்திலிருந்து ஆற்றல் செலவிட வேண்டும் என்பதே அதன் பொருள். ஹைட்ரஜன் அணுவில் அணுக்கருவிலிருந்து 5.29 × 10⁻¹¹ மீட்டர் தொலைவில் மின்னழுத்தம் 27.2 வோல்ட், அங்குள்ள எலக்ட்ரானின் மின்னூட்டம் எதிர்க்குறி உடையதால் அதுவும் அணுக்கருவும் சேர்ந்த இணை கொண்டுள்ள ஆற்றல் −27.2 எலக்ட்ரான் வோல்ட். போரின் அணுக்கொள்கைப்படி எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆதலால், மொத்த ஆற்றல் −13.6 ஆகிறது. ஹைட்ரஜனை அயனியாக்கத் தேவைப்படும் ஆற்றல் 13.6 எலக்ட்ரான் வோல்ட் என்று வேதியியல் நூல்கள் தருவதும் இதனாலேயே.

சுழியை எங்கே வைப்பது என்பது விருப்பத்துக்கு உட்பட்டது. புள்ளித் துகள்களுக்கு முடிவிலாத் தொலைவும் மின்சுற்றுகளுக்குப் புவியும் வழக்கமாகச் சுழியாகக் கொள்ளப்படுகின்றன. இயற்பியல் பொருள் உடையது இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு மட்டுமே.

ஒவ்வோர் இணையும் ஒரே ஒரு முறை

பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள சமபக்க முக்கோணத்தின் முனைகளில் +2, +3, −4 நானோகூலும் மின்துகள்கள் வைக்கப்பட்டிருப்பதாகவும், அந்த அமைப்பின் ஆற்றலைக் காண வேண்டும் என்றும் கொள்ளலாம். முதல் துகளைக் கொண்டுவரும்போது அங்கு வேறு துகள் ஏதும் இல்லாததால் வேலை தேவையில்லை. இரண்டாவது துகளைக் கொண்டுவர 0.54 மைக்ரோஜூல் தேவைப்படுகிறது. மூன்றாவது முனையில் முதல் இரண்டும் சேர்ந்து உண்டாக்கியிருக்கும் மின்னழுத்தம் 180, 270 ஆகியவற்றின் கூடுதலான 450 வோல்ட். அங்கே −4 நானோகூலும் வரும்போது செய்யப்படும் வேலை −1.8 மைக்ரோஜூல். ஆக, மொத்த ஆற்றல் −1.26 மைக்ரோஜூல்.

இதே கணக்கில், ஒவ்வொரு முனையிலும் மற்ற இரு துகள்களால் ஏற்படும் மின்னழுத்தத்தைக் கண்டு, அந்தந்த மின்னூட்டத்தால் பெருக்கி, மூன்றையும் கூட்டும் மாணவர்கள் −2.52 என்ற விடையைப் பெறுவார்கள். சரியான விடையைப் போல இது சரியாக இருமடங்கு. முதல் துகளின் கணக்கில் இரண்டாவதும், இரண்டாவதின் கணக்கில் முதலும் வந்துவிட்டதால் ஒவ்வோர் இணையும் இரு முறை எண்ணப்பட்டுவிட்டது. ஆற்றல் இணைக்கு உரியது என்ற அடிப்படையை மறந்ததால் வரும் பிழை இது. அந்த வழியையே பின்பற்ற விரும்பினால் இறுதியில் 2-ஆல் வகுத்துக்கொள்வது போதும். இரு முறைகளிலும் விடை கண்டு ஒப்பிடுவது, தேர்வில் நேரம் இருந்தால், மிக நல்ல சரிபார்ப்பு.

மின்புலம் சுழியாவதும் மின்னழுத்தம் சுழியாவதும்

20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு +2 நானோகூலும் துகள்கள் இருந்தால், நடுப்புள்ளியில் மின்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டு சுழியாகின்றன. மின்னழுத்தமோ 360 வோல்ட். அவற்றில் ஒன்றை −2 ஆக மாற்றினால் நிலைமை தலைகீழாகிறது: மின்னழுத்தம் சுழி, மின்புலம் மீட்டருக்கு 3,600 வோல்ட். மின்புலம் என்பது மின்னழுத்தம் இடத்துக்கு இடம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதன் அளவே ஆதலால், ஒன்றின் மதிப்பைக் கொண்டு அதே புள்ளியில் மற்றதன் மதிப்பை ஊகிக்க இயலாது. சிறிய மின்னழுத்தமும் மிகச் சிறிய தொலைவில் மாறுமானால் பெரும் மின்புலத்தைத் தரும். நரம்புச் செல்லின் உறையின் இருபுறமும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 70 மில்லிவோல்ட்தான். ஆனால் உறையின் தடிமன் ஏறத்தாழ 7 நானோமீட்டர் என்பதால், உள்ளே மின்புலம் மீட்டருக்கு 1 கோடி வோல்ட் அளவுக்கு எழுகிறது.

ஒரே மின்னழுத்தம் உள்ள புள்ளிகளைச் சேர்த்து வரையப்படும் பரப்பு சமமின்னழுத்தப் பரப்பு எனப்படும். அந்தப் பரப்பின் மீது மின்துகளை நகர்த்த வேலை தேவையில்லை. மின்புலம் எங்கும் அதற்குச் செங்குத்தாகவே இருக்கும். மின்கம்பியில் அமரும் காக்கை பாதிப்பின்றி இருப்பதற்குக் காரணம், அதன் இரு கால்களும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதே. கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.3 ஓம், மின்னோட்டம் 100 ஆம்பியர், கால்களுக்கு இடையே 5 சென்டிமீட்டர் என்று கொண்டால், வேறுபாடு 1.5 மில்லிவோல்ட்டைத் தாண்டாது. கம்பி புவியைப் பொறுத்து 11,000 வோல்ட்டில் இருந்தாலும் இந்த எண் மாறுவதில்லை.

அதே கம்பி அறுந்து தரையில் விழுந்தால் நிலைமை முற்றிலும் வேறு. மழைக்காலத்தில் உயிர்களைக் காக்கும் செய்தி என்பதால் இதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மின்னோட்டம் மண்ணில் எல்லாத் திசைகளிலும் பரவும்போது, தரையின் மின்னழுத்தம் அந்த இடத்திலிருந்து உள்ள தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. புள்ளி மின்துகளுக்குரிய அதே வடிவம் இங்கும் வருகிறது. மண்ணின் மின்தடை எண் 100 ஓம் மீட்டர், மின்னோட்டம் 100 ஆம்பியர் என்று கொண்டால், 2 மீட்டர் தொலைவில் தரையின் மின்னழுத்தம் ஏறத்தாழ 796 வோல்ட், 2.7 மீட்டரில் 590 வோல்ட். 70 சென்டிமீட்டர் அகலத்தில் கால் எடுத்து வைப்பவரின் இரு பாதங்களுக்கு இடையே 206 வோல்ட் வேறுபாடு விழுகிறது. முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடையே 1.5 மீட்டர் உள்ள மாட்டுக்கு அது 341 வோல்ட் ஆகிவிடும். கம்பியைத் தொடாத மாடும் இறப்பது இதனால்தான். 20 மீட்டர் தொலைவில் மனிதரின் ஓரடிக்கு வேறுபாடு 3 வோல்ட்டுக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே அறுந்த கம்பியின் அருகே அகப்பட்டவர் ஓடக் கூடாது; பாதங்களை ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாக நகர்த்தியே விலக வேண்டும். மற்றவர்கள் அருகே போகாமல் மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

தங்கத் தகடு காட்டிய உண்மை

மின்னழுத்தத்தை மட்டுமே கொண்டு அணுவின் அமைப்பைப் பற்றி எவ்வளவு தூரம் முடிவுக்கு வர முடியும் என்பதற்கு ரூதர்ஃபோர்டின் 1911 ஆய்வை விடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. 1909-இல் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின் மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தியபோது, மிகச் சில துகள்கள் வந்த வழியே திரும்பின. அணுவின் நேர் மின்னூட்டம் அணு முழுவதும் சீராகப் பரவியிருப்பதாக அப்போது நிலவிய கருத்தை, ஓர் எளிய கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். தங்க அணுவில் 79 அடிப்படை நேர் மின்னூட்டங்கள். அணுவின் ஆரம் 0.144 நானோமீட்டர். அவை சீராகப் பரவியிருந்தால் அணுவின் விளிம்பில் மின்னழுத்தம் 790 வோல்ட், மையத்தில் அதன் ஒன்றரை மடங்கான 1,185 வோல்ட். எலக்ட்ரான்களையும் கணக்கில் சேர்த்தால் இது இன்னும் குறையும். ஆல்ஃபா துகளின் மின்னூட்டம் 2 என்பதால், அது அணுவின் நடுவே புகுந்து போனாலும் இழக்கக்கூடிய இயக்க ஆற்றல் 2,370 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இல்லை. அதன் கையில் இருப்பதோ 77 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். இவ்வளவு சிறிய தடையால் அது திரும்பியிருக்க முடியாது.

துகள் திரும்ப வேண்டுமானால், அதன் இயக்க ஆற்றல் முழுவதும் மின்னழுத்த ஆற்றலாக மாறும் ஓர் இடம் இருக்க வேண்டும். அங்கே மின்னழுத்தம் 38.5 லட்சம் வோல்ட் ஆக இருக்க வேண்டும். 79 அடிப்படை மின்னூட்டங்கள் அவ்வளவு மின்னழுத்தத்தை உண்டாக்கும் தொலைவு 3 × 10⁻¹⁴ மீட்டர். அப்படியானால் அந்த மின்னூட்டம் முழுவதும் இந்த ஆரத்துக்கும் உள்ளே, அதாவது அணுவின் ஆரத்தில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குள், ஒடுங்கிக் கிடக்க வேண்டும். விசையையோ பாதையின் வளைவையோ தொடாமல், ஆற்றல் மாறாமையை மட்டும் கொண்டு அணுக்கருவின் அளவுக்கு ஒரு மேல் எல்லை இவ்வாறு கிடைத்துவிடுகிறது.

உயர்ந்த வோல்ட், குறைந்த ஜூல்

15 சென்டிமீட்டர் ஆரமுள்ள உலோகக் கோளத்தைக் கொண்ட பள்ளி ஆய்வக வான் டி கிராஃப் இயற்றி, காற்று மின்காப்பை இழக்கும் எல்லையான மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வரை ஏற்றப்பட்டால் 4.5 லட்சம் வோல்ட்டை அடையும். ஆனால் கோளத்தில் இருக்கும் மின்னூட்டம் 7.5 மைக்ரோகூலும் மட்டுமே என்பதால், சேமித்திருக்கும் ஆற்றல் 1.7 ஜூலைத் தாண்டாது. கார் மின்கல அடுக்கு 12 வோல்ட்தான். அதன் கொள்ளளவு 60 ஆம்பியர் மணி என்றால் 2.16 லட்சம் கூலும் மின்னூட்டத்தை அது தள்ள வல்லது, எனவே அதில் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 26 லட்சம் ஜூல். வோல்ட்டின் எண்ணை மட்டும் பார்த்து ஆற்றலை மதிப்பிடக் கூடாது.

மின்தேக்கிக் கணக்குகளில் இந்த வேறுபாடு மீண்டும் மீண்டும் சோதிக்கப்படுகிறது. மின்கலத்தால் ஏற்றப்பட்ட இணைத்தட்டு மின்தேக்கியின் தட்டுகளுக்கு இடையிலான தொலைவை இரட்டிப்பாக்கினால் ஆற்றல் என்னவாகும் என்ற கேள்விக்கு, மின்கலம் இன்னும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்காமல் விடை சொல்ல இயலாது. மின்கலம் துண்டிக்கப்பட்டிருந்தால் மின்னூட்டம் மாறாது. மின்னழுத்தம் இரட்டிப்பாகும், ஆற்றலும் இரட்டிப்பாகும். ஒன்றையொன்று ஈர்க்கும் தட்டுகளைப் பிரிக்கக் கை செய்த வேலையே அந்தக் கூடுதல் ஆற்றல். மின்கலம் இணைந்தே இருந்தால் மின்னழுத்தம் மாறாது. மின்னூட்டம் பாதியாகும், ஆற்றலும் பாதியாகும். கை இப்போதும் ஈர்ப்பை எதிர்த்து வேலை செய்திருக்க, ஆற்றல் எப்படிக் குறைந்தது என்று பலர் திகைத்துப்போவார்கள். தட்டுகளை விட்டு வெளியேறிய பாதி மின்னூட்டம் மின்கலத்துக்குள் எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. தொடக்கத்தில் மின்தேக்கியில் இருந்த ஆற்றலை 1 என்று கொண்டால், மின்கலத்துக்குத் திரும்பும் ஆற்றலும் 1. அதில் பாதியை மின்தேக்கி இழந்தது, மறுபாதியைக் கை அளித்தது. மின்தேக்கியை மட்டும் அமைப்பாகக் கொண்டவருக்கு இந்தக் கணக்கு முரணாகத் தோன்றும். மின்கலத்தையும் கையையும் சேர்த்துக்கொண்டவருக்கு வரவும் செலவும் ஒத்துப்போகும்.